கண்ணால் கற்பவரும் காதால் கற்பவரும்

ஒவ்வொரு மாணவரிடத்தும் கற்பதற்கென்று தனியான ஒரு பாங்கு அமைந்திருக்கிறது, அதைக் கண்டறிந்து அதற்கு இசைவாகப் பாடம் நடத்தினால் அவர் மிக நன்றாகக் கற்பார் என்னும் கருத்து, கடந்த ஐம்பது ஆண்டுகளில் உலகெங்கும் வகுப்பறைகளிலும் ஆசிரியர் பயிற்சிக் கூடங்களிலும் பெற்றோரின் பேச்சிலும் வேரூன்றிவிட்டது. கல்வியியலில் இது கற்றல் பாணி எனப்படுகிறது. ஒருவர் படத்தைப் பார்த்தால்தான் புரிந்துகொள்வார், மற்றொருவர் சொல்லக் கேட்டால்தான் மனத்தில் ஏற்றிக்கொள்வார், வேறொருவர் கையால் செய்துபார்த்தால்தான் தெளிவடைவார் என்பது இதன் எளிய வடிவம். 2012-இல் பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் 242 ஆசிரியர்களிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வில், தமக்கு விருப்பமான பாணியில் கற்பிக்கப்படும்போது மாணவர்கள் கூடுதலாகக் கற்கிறார்கள் என்பதைப் பிரிட்டன் ஆசிரியர்களில் 93 விழுக்காட்டினரும் நெதர்லாந்து ஆசிரியர்களில் 96 விழுக்காட்டினரும் ஒப்புக்கொண்டார்கள். இத்தனை பேர் ஏறக்குறைய ஒருமுகமாக நம்பும் இக்கருத்துக்கு, அதை முறையாகச் சோதித்துப் பார்த்த உளவியல் ஆய்வுகளில் ஆதரவு கிடைக்கவில்லை.

இக்கருத்துக்குள் மூன்று கூற்றுகள் பின்னிக் கிடக்கின்றன என்பதையும், அவற்றைப் பிரித்துப் பார்க்காததே குழப்பத்துக்குக் காரணம் என்பதையும் முதலில் உணர வேண்டும். மாணவர்களுக்குக் கற்கும் முறையில் விருப்பு வெறுப்புகள் உண்டு என்பது முதற்கூற்று. ஒருவர் காணொளியை நாடுகிறார், ஒருவர் புத்தகத்தை விடுவதில்லை என்பது எவரும் காணும் உண்மையாதலால் இதில் மறுப்பதற்கு ஒன்றுமில்லை. திறன்கள் ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றன என்பது இரண்டாம் கூற்று. உருவங்களை மனக்கண்ணில் சுழற்றிப் பார்ப்பதில் ஒருவரும், கேட்ட சொற்களை அப்படியே நினைவில் வைப்பதில் மற்றொருவரும் தேர்ந்தவராக இருப்பதை அளந்து காட்டும் சோதனைகள் உள்ளமையால் இதுவும் ஐயத்துக்கு அப்பாற்பட்டது. கற்பிக்கும் முறையை விருப்பத்தோடு பொருத்தினால் கற்றலின் அளவு கூடும் என்பது மூன்றாம் கூற்று. ஆய்வாளர்கள் இதைப் பொருத்தக் கருதுகோள் என்கிறார்கள். முதல் இரண்டின் உண்மையை மூன்றாவதும் இரவல் வாங்கிக்கொள்வதால்தான் அது இவ்வளவு இயல்பானதாகத் தோன்றுகிறது.

மாணாக்கரை வகைப்படுத்திக் காணும் வழக்கம் தமிழுக்குப் புதிதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், தன் பொதுப்பாயிரத்தில் அன்னத்தையும் பசுவையும் தலைமாணாக்கருக்கும், மண்ணையும் கிளியையும் இடைமாணாக்கருக்கும், ஓட்டைக்குடம், ஆடு, எருமை, பன்னாடை ஆகியவற்றைக் கடைமாணாக்கருக்கும் உவமையாக்கியது. கிடைத்ததை மேய்ந்துவிட்டுப் பின்னர் ஓரிடத்தில் அமர்ந்து அசைபோடும் பசுவைப் போலக் கேட்டதைச் சிந்திப்பவர் உயர்ந்தவர் என்றும், ஒரு செடியிலும் நிலைகொள்ளாமல் அங்குமிங்கும் கடிக்கும் ஆட்டைப் போன்றவர் தாழ்ந்தவர் என்றும் கூறும் அவ்வகைப்பாடு, ஒருவர் தாம் கேட்டதை என்ன செய்கிறார் என்பதை அளவுகோலாகக் கொண்டதேயன்றி, கண்வழியா செவிவழியா என்னும் வினாவை எழுப்பவேயில்லை. இருபதாம் நூற்றாண்டின் வகைப்பாடுகளுக்கும் இதற்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுதான்.

அந்தப் புதிய வகைப்பாடுகள் பெரும்பாலும் 1970-களிலும் 1980-களிலும் தோன்றின. அமெரிக்காவில் ரீட்டா டன், கென்னத் டன் இணையர், வெளிச்சம், ஒலி, அறையின் வெப்பநிலை, தனியாகவா குழுவாகவா என்பது வரையிலான பல கூறுகளைச் சேர்த்து மாணவரின் பாணியைக் கணிக்க முயன்றார்கள். டேவிட் கோல்ப், நேரடி அனுபவம், அதன் மீதான சிந்தனை, பொதுக்கருத்தை உருவாக்குதல், அதைச் செயலில் சோதித்தல் என்று கற்றலை நான்கு நிலைகள் கொண்ட ஒரு சுழற்சியாக விளக்கி, எந்த நிலைகளில் ஒருவர் மிகுதியாக ஊன்றி நிற்கிறார் என்பதைக் கொண்டு அவரை நான்கு வகைகளுள் ஒன்றில் அடக்கினார். அவருடைய கோட்பாட்டை முழுமையாகக் கூறும் நூல் 1984-இல் வெளிவந்தது. பிரிட்டனில் பீட்டர் ஹனியும் ஆலன் மம்ஃபோர்டும் 1982-இல் அதையொட்டிய வேறொரு பகுப்பை நிறுவன மேலாளர்களுக்காக உருவாக்கினார்கள்.

இவற்றுள் பொதுமக்களிடையே மிகுந்த புகழ் பெற்றது நியூசிலாந்தின் நீல் ஃபிளெமிங் 1987-இல் வகுத்த வார்க் என்னும் வினாப்பட்டியலே. காட்சி, கேள்வி, வாசிப்பும் எழுத்தும், உடலியக்கம் ஆகிய நான்கு வழிகளைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்தமைந்த பெயர் அது. பள்ளி ஆய்வாளராகப் பல வகுப்புகளைக் கண்ட ஃபிளெமிங், சிறந்த ஆசிரியர் சிலரின் பாடம் சில மாணவர்களைச் சென்றடையாததையும், சாதாரண ஆசிரியர் சிலர் அவர்களைச் சென்றடைவதையும் கவனித்து அதற்கு விளக்கம் தேடினார். வழி தெரியாத ஒருவருக்கு வரைபடம் வரைந்து காட்டுவீர்களா, வாயால் சொல்வீர்களா, எழுதித் தருவீர்களா, உடன் செல்வீர்களா என்பது போன்ற வினாக்களுக்கு ஒருவர் தரும் விடைகளைக் கூட்டி, அவருடைய விருப்பத்தை அப்பட்டியல் சொல்லிவிடும். 1992-இல் மில்ஸ் என்பவரோடு சேர்ந்து அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பே, இது மற்றுமோர் அளவைப் பட்டியல் இல்லை, தன்னைப் பற்றிச் சிந்திக்கத் தூண்டும் ஒரு கருவி என்னும் பொருள்பட அமைந்திருந்தது. கருவியை ஆக்கியவர் காட்டிய இந்த அடக்கத்தை, அதைக் கையாண்டவர்கள் பின்னாளில் காட்டவில்லை.

2004-இல் பிரிட்டனில் ஃபிராங்க் காஃபீல்டின் தலைமையில் ஒரு குழு அதுவரை வெளிவந்திருந்த பாணிப் பகுப்புகளைத் தொகுத்தபோது, அவற்றின் எண்ணிக்கை 71 ஆக இருந்தது. அவற்றுள் செல்வாக்கு மிக்க 13 பகுப்புகளை அக்குழு நுணுக்கமாக ஆராய்ந்தது. ஒரே நபர் சிறிது காலத்துக்குப் பின் மீண்டும் விடையளித்தால் அதே முடிவு வருகிறதா, அளப்பதாகச் சொல்வதைத்தான் அந்த வினாப்பட்டியல் அளக்கிறதா, அதன் முடிவைக் கொண்டு கற்றலை முன்னறிய முடிகிறதா என்னும் அடிப்படைத் தேவைகளைக்கூட அவற்றுள் பெரும்பாலானவை நிறைவு செய்யவில்லை. எழுபத்தொரு பகுப்புகள் ஒன்றையொன்று மறுத்தும் மறையாமல் சந்தையில் இருந்தன என்பதே அத்துறையின் நிலையை உணர்த்தப் போதுமானது.

ஆனால் வினாப்பட்டியல்களின் குறை வேறு, கருதுகோளின் உண்மை வேறு. அக்கருதுகோளை எவ்வாறு சோதிக்க வேண்டும் என்பதை 2008-இல் ஹரால்ட் பாஷ்லர், மார்க் மெக்டேனியல், டக் ரோரர், ராபர்ட் பியார்க் ஆகிய நான்கு உளவியலாளர்கள் தெளிவாக வரையறுத்தார்கள். மாணவர்களை முதலில் அவரவர் பாணிக்கேற்பக் காட்சி விரும்பிகள், கேள்வி விரும்பிகள் என்று பிரிக்க வேண்டும். பின்னர் ஒவ்வொரு பிரிவையும் குலுக்கல் முறையில் இரண்டாக்கி, ஒரு பாதிக்குப் படங்களைக் கொண்டும் மறுபாதிக்குப் பேச்சைக் கொண்டும் ஒரே பாடத்தைக் கற்பிக்க வேண்டும். இறுதியில் நான்கு குழுவினருக்கும் ஒரே தேர்வை வைக்க வேண்டும். காட்சி விரும்பிகளுள் படத்தால் கற்றவர்கள் மிகுந்த மதிப்பெண்ணும், கேள்வி விரும்பிகளுள் பேச்சால் கற்றவர்கள் மிகுந்த மதிப்பெண்ணும் பெற்றால்தான், அதாவது ஒரு பிரிவுக்குச் சிறந்த முறை மற்றொரு பிரிவுக்குச் சிறந்ததாக இல்லாமல் தலைகீழாக மாறினால்தான், பாணிக்கேற்பக் கற்பிப்பதால் பயன் உண்டு என்று கொள்ளலாம். இரு பிரிவினருமே படத்தால் கூடுதலாகக் கற்றிருந்தால், அது படத்தின் சிறப்பைக் காட்டுமேயன்றிப் பாணியின் சிறப்பைக் காட்டாது. கற்றல் பாணி பற்றி வெளிவந்த ஏராளமான கட்டுரைகளில் இந்த அமைப்பைக் கையாண்டவை மிகச் சிலவே என்பதையும், அவ்வாறு கையாண்டவற்றுள் பல கருதுகோளுக்கு எதிரான முடிவையே தந்தன என்பதையும் அந்த நால்வரும் கண்டார்கள். பாணியால் விளைந்ததாக வகுப்பறையில் சொல்லப்படும் வெற்றிகளில் பெரும்பாலானவை இச்சோதனைக்கு முன் நிற்கமாட்டா. புதிய முறை ஒன்று வந்ததும் ஆசிரியர் காட்டும் ஊக்கமும், ஒரே பாடத்தைப் பல வடிவில் மீண்டும் மீண்டும் கேட்டதன் பயனும் பாணியின் கணக்கில் எழுதப்பட்டுவிடுகின்றன.

அதன் பின்னர் வந்த ஆய்வுகளும் நிலைமையை மாற்றவில்லை. 2015-இல் பெத் ரோகோவ்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், கல்லூரிக் கல்வி பெற்ற பெரியவர்களின் விருப்பம் கேட்பதிலா வாசிப்பதிலா என்று முதலில் கண்டறியப்பட்டது. பின்னர் ஒரு புத்தகத்தின் பகுதிகளைச் சிலர் ஒலிநூலாகக் கேட்டார்கள், சிலர் மின்னூலாக வாசித்தார்கள். உடனடியாக நடந்த தேர்விலும் இரண்டு வாரம் கழித்து நடந்த தேர்விலும், விருப்பத்துக்கும் முறைக்கும் இடையிலான பொருத்தத்தால் எந்தப் பயனும் புலப்படவில்லை. அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் படித்த மாணவர்களைக் கொண்டு போலி ஹஸ்மனும் வலேரி ஓலாஃப்லினும் நடத்திய ஆய்வு இன்னும் சுவையானது. வார்க் பட்டியலால் தம் பாணியை அறிந்துகொண்ட பிறகும் பெரும்பாலான மாணவர்கள் அதற்கேற்பப் படிக்கவில்லை. அதற்கேற்பப் படித்த சிலரும் மற்றவர்களைவிடக் கூடுதல் மதிப்பெண் பெறவில்லை.

அவ்வாறாயின் இந்நம்பிக்கை ஏன் தளரவில்லை? 2017-இல் வெளியான ஏபி நோலும் பிறரும் செய்த ஆய்வு இதற்கு ஒரு விடை தருகிறது. அதில் பங்கேற்றவர்களுக்குச் சில படங்களும் சில சொற்களும் காட்டப்பட்டன. ஒவ்வொன்றும் பின்னர் நினைவில் நிற்குமா என்பதை அவர்கள் முன்கூட்டியே மதிப்பிட வேண்டும். காட்சிப் பாணியினர் தாம் படங்களை நன்றாக நினைவில் வைப்போம் என்றும், சொற்பாணியினர் சொற்களை நன்றாக நினைவில் வைப்போம் என்றும் எதிர்பார்த்தார்கள். உண்மையில் நினைவில் நின்றவற்றுக்கும் பாணிக்கும் தொடர்பே இல்லை. விருப்பமான வழியில் படிக்கும்போது பாடம் எளிதாக உள்ளே செல்வதாக ஓர் உணர்வு தோன்றுகிறது, அந்த உணர்வே கற்றலாகக் கொள்ளப்படுகிறது. பாணி என்பது மாணவரின் தன்னம்பிக்கையை முன்னறிவிக்கிறது, மதிப்பெண்ணை முன்னறிவிப்பதில்லை.

இதற்கு ஆழமான மற்றொரு காரணமும் உண்டு. பள்ளியில் கற்கும் பெரும்பாலானவை ஓசையாகவோ உருவமாகவோ நினைவில் தங்குவதில்லை, பொருளாகவே தங்குகின்றன. ஒளிச்சேர்க்கை பற்றிய பாடத்தை ஒருவர் கேட்டறிந்தாலும் வாசித்தறிந்தாலும், சில நாள்களுக்குப் பின் அவரிடம் எஞ்சுவது இலை சூரிய ஒளியைக் கொண்டு மாவுப்பொருளை ஆக்குகிறது என்னும் கருத்தே. ஆசிரியரின் குரலோ பக்கத்தின் அச்சோ எஞ்சுவதில்லை. உருவமே பாடமாக அமையும் இடங்களில் நிலை வேறு. இந்தியாவின் ஆறுகள் எங்கே ஓடுகின்றன என்பதை நிலப்படம் இன்றிக் கற்பிப்பது வீண். தாளத்தைக் கையால் போடாமலும் பாட்டைக் காதால் கேளாமலும் கருநாடக இசையைப் புத்தகத்தில் படித்துத் தேர்ந்தவர் இலர். பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் ஆய்வகத்தில் பியூரெட்டிலிருந்து துளித்துளியாக அமிலத்தை விட்டு நிறம் மாறும் நொடியில் நிறுத்தும் பக்குவம், எப்பாணி மாணவருக்கும் கைப்பழக்கத்தால் மட்டுமே வரும். எந்தப் புலன்வழி ஏற்றது என்பதைத் தீர்மானிப்பது கற்கும் பொருள்தான், கற்பவரின் முத்திரை இல்லை. மேலும், சொல்லும் படமும் ஒன்றையொன்று விளக்குமாறு இணைந்து வரும்போது, சொல்லை மட்டும் கொண்டு கற்பதைவிட அனைவருமே மேலாகக் கற்கிறார்கள் என்பதை ரிச்சர்ட் மேயர் பல ஆய்வுகளால் காட்டியிருக்கிறார். ஆசிரியர் ஒரே பாடத்தைப் படம், விளக்கம், செய்முறை ஆகிய பல வழிகளில் நடத்துவது நன்று. அவர் வகுப்பைப் பாணிவாரியாகப் பிரித்து ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு வழியை மட்டும் திறந்து மற்றவற்றை அடைப்பதுதான் தவறு.

ஹோவர்ட் கார்ட்னர் 1983-இல் முன்வைத்த பன்முக நுண்ணறிவுக் கோட்பாடும் இதனோடு அடிக்கடி கலக்கப்படுகிறது. மொழி, இசை, தருக்கமும் கணக்கும், உடலியக்கம் எனத் திறன்கள் பலவாகப் பிரிந்துள்ளன என்பதே அவர் கூற்று. தம் கோட்பாடு கற்றல் பாணியைப் பற்றியது இல்லை என்று அவரே பின்னர் வெளிப்படையாக எழுதியும், இரண்டையும் ஒன்றாக்கிப் பேசும் பயிற்சி வகுப்புகள் குறையவில்லை.

பாணிகள் பொய்த்தால் எல்லா மாணவரும் ஒன்றே என்று முடிவுகட்டுவது அடுத்த பிழையாகும். கற்றலை உண்மையாகவே பாதிக்கும் வேறுபாடுகள் உள்ளன. அவற்றுள் தலையாயது, மாணவர் ஏற்கெனவே என்ன அறிந்திருக்கிறார் என்பது. 1988-இல் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி இருவரும், வாசிப்புத் திறனில் உயர்ந்தும் தாழ்ந்தும் இருந்த 64 மாணவர்களுக்கு பேஸ்பால் ஆட்டத்தின் ஒரு பகுதியை விவரிக்கும் வாசகத்தைத் தந்து, வாசித்ததைச் சிறு ஆடுகள மாதிரி ஒன்றில் மரப் பொம்மைகளை நகர்த்திக் காட்டச் செய்தார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தும் ஆட்டத்தை நன்கு அறிந்தவர்கள், வாசிப்பில் தேர்ந்திருந்தும் ஆட்டத்தை அறியாதவர்களைவிட மிகவும் நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். கிரிக்கெட் வருணனையைக் கேட்டுப் பழகிய தமிழ்ச் சிறுவர்களிடம் அவ்விளையாட்டைப் பற்றிய பத்தி ஒன்றைக் கொடுத்தாலும் இதுவே நிகழும் என்று கருதலாம்.

முன்னறிவின் இந்த ஆற்றலுக்குக் காரணம் மூளையின் செயல்நினைவு மிகக் குறுகியது என்பதே. ஒரே சமயத்தில் மனத்தில் தாங்கிக் கையாளும் சிறு தகவல்களுக்கான இடத்தைச் செயல்நினைவு என்கிறார்கள். புதிய செய்திகள் சிலவற்றைத் தாங்கியதுமே அது நிரம்பிவிடுகிறது. முன்பே அறிந்தவை ஒன்றாகத் திரண்டு ஒரே அலகாக அமர்வதால், அறிந்தவருக்கு அங்கே இடம் மிஞ்சுகிறது. ஆஸ்திரேலியாவில் ஜான் ஸ்வெல்லர் இதை அடிப்படையாக வைத்து அறிதிறன் சுமைக் கோட்பாட்டை உருவாக்கினார். இயற்கணிதத்தில் தொடக்க நிலையிலுள்ளவர், விடை வரை படிப்படியாகச் செய்துகாட்டப்பட்ட கணக்குகளைப் பார்த்துப் பயிலும்போது விரைந்து தேறுகிறார் என்பதை அவரும் கூப்பரும் 1985-இல் காட்டினார்கள். அதே உதவி தேர்ந்த மாணவருக்குச் சுமையாகி, கணக்கைத் தாமே செய்வதைவிடக் குறைந்த பயனையே தருகிறது என்பது பின்னைய ஆய்வுகளில் வெளிப்பட்டது. பாஷ்லரும் பிறரும் கேட்ட அந்தத் தலைகீழ் மாற்றம் இங்கே உண்மையாகவே தென்படுகிறது. ஆனால் அது கண், காது என்னும் பிரிவில் வெளிப்படாமல், அறிந்தவர், அறியாதவர் என்னும் பிரிவில் வெளிப்படுகிறது.

தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளின் அண்மைக்கால முயற்சிகள் இவ்வகையில் சரியான திசையில் உள்ளன. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றல், பாடத்தை அட்டைகளாகப் பகுத்து ஏணிப்படிகளைப் போல அடுக்கி, ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் முன்னேற வழிசெய்தது. பெருந்தொற்றால் ஏற்பட்ட கற்றல் இழப்பை ஈடுசெய்ய 2022-இல் தொடங்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டம், குழந்தைகளை அவர்கள் எட்டியுள்ள நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பகுத்துக் கற்பிக்கிறது. இப்பெயர்கள் குழந்தை இன்று நிற்கும் படியைக் குறிப்பவை. அரும்பாக இருந்தவர் சில மாதங்களில் மொட்டாகிவிடலாம். செவிவழிக் கற்பவர் என்ற முத்திரைக்கு இத்தகைய நகர்வு கிடையாது.

உடல்நிலையாலும் நரம்பியல் அமைப்பாலும் வரும் தேவைகள் பாணியோடு சேர்த்து எண்ணத் தகாதவை. பார்வையற்ற மாணவருக்குப் பிரெயிலும் ஒலிநூலும் விருப்பங்களாக இராமல் வழிகளாகவே உள்ளன. எழுத்துகளை ஒலியோடு இணைப்பதில் இடர்ப்படும் வாசிப்புக் குறைபாடுடைய குழந்தைக்கு முறையான ஒலியிணைப்புப் பயிற்சி தேவைப்படுகிறது. இக்குறைபாடு உள்ளிட்ட குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளை, இந்திய அரசின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தான் பட்டியலிட்ட 21 வகைகளுள் ஒன்றாக ஏற்றிருக்கிறது. இத்தகைய குழந்தையை, வாசிப்பு இவருக்குப் பாணியன்று, இவர் கேட்டுக் கற்பவர் என்று சொல்லி விட்டுவிட்டால், உரிய வயதில் கிடைக்க வேண்டிய சிறப்புப் பயிற்சி கிடைக்காமலே போகும். கற்றல் பாணிக் கருத்து விளைவிக்கக்கூடிய கேடுகளுள் இதுவே பெரிது.

எப்பாணியினர் ஆயினும் அனைவருக்கும் பயன்தரும் படிப்பு முறைகள் எவை என்பதில் உளவியல் மிகுந்த தெளிவோடு பேசுகிறது. கற்றது எவ்வளவு விரைவாக மறந்துபோகிறது என்பதை ஜெர்மானியரான ஹெர்மன் எபிங்ஹவுஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்தும் மறந்தும் அளந்து 1885-இல் வெளியிட்டார். ஒரே அமர்வில் பலமுறை படிப்பதைவிட, அதே நேரத்தைப் பல நாள்களுக்குப் பகிர்ந்து படிப்பது நீண்டகால நினைவுக்கு உகந்தது என்பதும் அவர் காலம் முதலே அறியப்பட்டது. இதற்கு இணையான மற்றொரு முறை நினைவு மீட்டல். புத்தகத்தை மூடிவிட்டு, படித்ததை மனத்திலிருந்து தாமே வெளிக்கொணர்வதையே இச்சொல் குறிக்கிறது.

நினைவு மீட்டலின் ஆற்றலை அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கும் 2006-இல் காட்டிய விதம் எண்ணத்தக்கது. ஒரு குழுவினர் அறிவியல் பத்தி ஒன்றை நான்கு அமர்வுகளில் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். மற்றொரு குழுவினர் முதல் அமர்வில் மட்டும் வாசித்துவிட்டு, எஞ்சிய மூன்றிலும் நினைவுக்கு வந்ததைத் தாளில் எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் வாசித்தவர்கள் 83 விழுக்காட்டையும் எழுதியவர்கள் 71 விழுக்காட்டையும் நினைவுகூர்ந்தார்கள். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்விலோ வாசித்தவர்கள் 40 விழுக்காட்டுக்கு இறங்கினார்கள், எழுதியவர்கள் 61 விழுக்காட்டில் நின்றார்கள். தமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று கூடுதல் நம்பிக்கையோடு இருந்தவர்கள் வாசித்தவர்களே. நாளைய தேர்வுக்கு இன்றிரவு நான்கு முறை வாசிக்கும் மாணவர் ஓரளவு தேறிவிடுவதும், அடுத்த மாதம் அப்பாடத்தில் ஒன்றும் எஞ்சாமல் போவதும் இதனால்தான்.

கணிதத்தில் கலந்து பயிலுதலும் இதே படிப்பினையைத் தருகிறது. ரோரரும் டெய்லரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு வகைத் திண்ம உருவங்களின் கனஅளவு காணும் கணக்குகளை ஒரு குழுவினர் வகைவாரியாகவும் மற்றொரு குழுவினர் வகைகளைக் கலந்தும் செய்தார்கள். பயிற்சியின்போது வகைவாரியாகச் செய்தவர்கள் 89 விழுக்காடும் கலந்து செய்தவர்கள் 60 விழுக்காடும் சரியாகச் செய்தார்கள். ஒரு வாரத்துக்குப் பின் நடந்த தேர்வில் முன்னவர்கள் 20 விழுக்காட்டுக்குச் சரிந்தார்கள், பின்னவர்கள் 63 விழுக்காடு பெற்றார்கள். எந்தச் சூத்திரத்தை எங்கே பயன்படுத்துவது என்னும் முடிவை எடுக்கும் பயிற்சி, கலந்து செய்தவர்களுக்கே கிடைத்திருந்தது. பயிற்சி ஏட்டில் ஒரே தலைப்பின் கீழ் இருபது கணக்குகளை வரிசையாக அடுக்கும் வழக்கத்தைப் பாடநூல் எழுதுவோர் மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

2013-இல் ஜான் டன்லாஸ்கியும் பிறரும் மாணவர்கள் கையாளும் பத்துப் படிப்பு முறைகளை எடைபோட்டபோது, தன்னைத்தானே சோதித்தலும் இடைவெளிவிட்டுப் படித்தலும் உயர்ந்த பயனுடையவையாக மதிப்பிடப்பட்டன. வண்ணப் பேனாவால் வரிகளைத் தீட்டுவதும், திரும்ப வாசிப்பதும் குறைந்த பயனுடையவை என்ற வரிசையில் நின்றன. நன்னூலும் இவ்விடத்தில் மீண்டும் நினைக்கத்தக்கது. கேட்ட பாடத்தை மீண்டும் மனத்துக்குக் கொண்டுவருதல், ஒத்த மாணாக்கரோடு பழகிப் பயிலுதல், வினவுதல், வினவப்பட்டதற்கு விடை கூறுதல் ஆகியவற்றை அது கற்போரின் கடமைகளாக வகுக்கிறது. ஆசிரியர் சொல்லியதை முறையாகக் கேட்டாலும் புலமையில் கால்பங்குக்கு மேல் கைகூடாது, உடன்பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு கால்பங்கும், பிறருக்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய பாதியும் நிறையும் என்றும் அது கணக்கிடுகிறது. அந்த அளவுகளை ஆய்வுமுடிவாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் கேட்பதைவிடத் தானே எடுத்துரைப்பதற்கு அது தந்த முதன்மையை இன்றைய ஆய்வுகள் வழிமொழிகின்றன.

முத்திரை குத்துவதால் தீங்கில்லை, அது வெறும் பழக்கம்தானே என்று சிலர் கருதக்கூடும். ஆனால் 2023-இல் நான்சிகிவெல்லும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், காட்சிவழிக் கற்பவர் என்று சொல்லப்பட்ட குழந்தையைச் செய்துகற்பவர் என்று சொல்லப்பட்ட குழந்தையைவிட அறிவாளி என்று பெற்றோரும் குழந்தைகளும் மதிப்பிட்டார்கள். பாணியைத் தவிர அக்குழந்தைகளைப் பற்றி வேறெந்தத் தகவலும் அவர்களுக்குத் தரப்படவில்லை. உண்மையில் இல்லாத ஒரு வகைப்பாடு, உண்மையான ஒரு தரவரிசையை உண்டாக்கிவிடுகிறது. கணக்கு கடினமாகும்போது, இது என் பாணிக்கு உகந்த பாடமன்று என்று மாணவரே விலகிக்கொள்ளவும் அது இடம்தருகிறது.

இந்தியாவில் இம்முத்திரைக்கு ஒரு சந்தையும் உருவாகியிருக்கிறது. குழந்தையின் விரல்ரேகைகளை மின்கருவியில் பதிந்து, அவர் காட்சிவழிக் கற்பவரா, செவிவழிக் கற்பவரா, எந்தப் பாடப்பிரிவு அவருக்கு உகந்தது என்பன போன்றவற்றைப் பல பக்க அறிக்கையாக அச்சிட்டுத் தரும் சோதனைகள் டிஎம்ஐடி என்னும் பெயரில் பல நகரங்களில் விற்கப்படுகின்றன. விரல்ரேகை கருவறையிலேயே உருவாகி வாழ்நாள் முழுவதும் மாறாமல் இருப்பது. டவுன் நோய்க்குறி போன்ற சில மரபணு நிலைகளில் ரேகை அமைப்பு சற்றே மாறுபடுவதும் உண்மை. அவ்வுண்மையின் நிழலில் ஒதுங்கி, அறிவியல் தோற்றம் பூண்டு நிற்கும் இச்சோதனைக்கு, ரேகையையும் கற்றலையும் இணைக்கும் சான்று எதுவுமில்லை. பாணி என்பதே கற்றலை முன்னறிவிக்காதபோது, பாணியை முன்னறிவிப்பதாகக் கூறும் ரேகைக்கு என்ன மதிப்பு இருக்க முடியும்? பள்ளியோ பயிற்சி நிலையமோ இச்சோதனைக்குப் பணம் கேட்டால், அதன் முடிவுப்படி படித்த குழந்தைகள் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கற்றதைக் காட்டும் ஆய்வு எந்த ஆய்விதழில் வெளிவந்தது என்று பெற்றோர் எழுத்தில் கேட்க வேண்டும். அதற்கு விடை வரும்வரை பணமும் தர வேண்டாம், குழந்தையின் கைரேகையும் தர வேண்டாம்.